75எம் ஸ்டேஜை ஏன் இவ்வளவு வெறுக்கிறோம்?

#1 மூணாவது_லைஃப்

நேற்று நாலு பேர் உட்கார்ந்து ஸ்மாஷ் அல்டிமேட் (பல கேம்களின் கேரக்டர்கள் ஒருத்தரையொருத்தர் திரைக்கு வெளியே அடித்துத் தள்ளும் நின்டெண்டோ சண்டை கேம்) ஆடிக்கொண்டிருந்தோம். ஸ்டேஜ் தேர்வை ரேண்டமில் விட்டிருந்தோம். 75எம் வந்ததும் நாலு வாயிலிருந்தும் ஒரே "அய்யய்யோ". ஒருத்தன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவன் திரும்பி வருவதற்குள் அவனுடைய கேரக்டர் ஸ்பிரிங் அடித்து ஒரு ஸ்டாக் (உயிர்) இழந்திருந்தது. அதில் அவனுக்கு வருத்தம்கூட இல்லை.

எனக்கு உறைத்தது அப்புறம்தான். 1981-இல் வந்த டாங்கி காங் ஆர்கேட் கேமை இன்றைக்கும் யாரும் குறை சொல்வதில்லை. அதன் ஒரு லெவலை அப்படியே தூக்கி வந்து வைத்தால் மட்டும் ஏன் இப்படிக் கடுப்பாகிறோம்? 2008-இல் ஸ்மாஷ் ப்ராலில் வந்தது, 2014-இல் ஸ்மாஷின் வீ யூ பதிப்பில் வந்தது, 2018-இல் அல்டிமேட்டிலும் வந்தது. மூன்று முறை வந்தும் ஒரு முறைகூட யாரும் கைதட்டி வரவேற்று நான் பார்த்ததில்லை.

அதே சமயம் மாரியோ ப்ரோஸ். ஸ்டேஜும் பழைய ஆர்கேட் சரக்குதான். அதில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? "ஸ்டேஜ் மோசம்" என்று ஒரே வரியில் முடிக்காமல் கொஞ்சம் பேசுங்களேன்.


#2 ஹிட்பாக்ஸ்

ஸ்டேஜ் மோசம்.

சரி, ரெண்டு வரி சேர்க்கிறேன். நடுவில் பாதாளம், தளமெல்லாம் முழத் துண்டு, ஏணி, லிஃப்ட், மேலிருந்து விழும் ஸ்பிரிங், போதாததற்கு மேலே நின்று கொண்டு தொட்டாலே அடிக்கிற ஒரு கொரில்லா. ஓடிப்போகிறவனை எட்டிப் பிடிக்கவே முடியாது. போட்டிகளில் பேட்டில்ஃபீல்ட், ஃபைனல் டெஸ்டினேஷன், ஸ்மாஷ்வில், போக்கிமான் ஸ்டேடியம் 2 மாதிரி ஸ்டேஜ்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அங்கே ஸ்டேஜ் வாயை மூடிக்கொண்டிருக்கும். இங்கே ஸ்டேஜ் ஐந்தாவது ஆட்டக்காரன்.


#3 பழைய_குச்சி

தம்பி ஹிட்பாக்ஸ், போட்டிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்மாஷில் பாதி ஸ்டேஜ்கள் போட்டிக்கு ஆகாதவைதான். அவற்றில் பலதை ஆசையாக ஆடுகிறோமே. கேள்வி அது இல்லை.

நான் ஒரிஜினலை நிறைய ஆடியவன். 75எம் அங்கே எப்படி இருந்தது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

டாங்கி காங்கில் மொத்தம் நாலு கட்டம்: 25எம், 50எம், 75எம், 100எம். கட்டுமானத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தில் இருபத்தைந்து மீட்டர் இருபத்தைந்து மீட்டராக மேலே போகிறோம் என்பது கணக்கு. முதலாவதில் பீப்பாய்கள் உருண்டு வரும். இரண்டாவதில் கன்வேயர் பெல்ட். மூன்றாவது நம்முடைய லிஃப்ட் கட்டம். நாலாவதில் ஆணிகளைப் பிடுங்கி கொரில்லாவைக் கீழே தள்ள வேண்டும். அமெரிக்கப் பதிப்பில் முதல் சுற்றில் 25எம், 100எம் இரண்டுதான் வரும். இரண்டாவது சுற்றில்தான் 75எம்மையே கண்ணால் பார்க்கலாம். அப்போதே அது ஒரு படி தேறியவர்களுக்கான சமாச்சாரம்.

இப்போது மாரியோவை, அன்றைக்கு அவன் பெயர் ஜம்ப்மேன், நினைத்துப் பாருங்கள். தன் உயரத்துக்கு மேல் விழுந்தாலே செத்துவிடுவான். அடியில் தரை இருந்தாலும் சாவுதான். தாவல் ஒன்றே ஒன்று. அந்தரத்தில் திசை மாற்ற முடியாது. கிளம்பினால் கிளம்பியதுதான். அப்படிப்பட்ட ஒருத்தன் இடது பக்கம் மேலே ஏறும் லிஃப்டில் கால் வைத்து, நடுத்தளத்தில் இறங்கி, வலது பக்கம் கீழே இறங்கும் லிஃப்டைப் பிடித்து, அது அடியில் நசுக்குவதற்குள் அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். ஒவ்வொரு இடைவெளியும் அவனுக்கு வாழ்வா சாவா கேள்வி.

கடைசிப் பகுதி இன்னும் அருமை. ஸ்பிரிங்குகள் மேல் தளத்தில் டொய்ங் டொய்ங் என்று குதித்து வந்து விளிம்பில் நேராகக் கீழே விழும். நீங்கள் வலது ஓரமாக ஏறி, அது விழுகிற இடத்தைத் தாண்டி, மேல் தளத்துக்கு வந்து, அது வளைந்து தலைக்கு மேலே போகிற இடமாகப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். ஒன்று போகும். அடுத்தது வருவதற்குள் ஓட்டம், ஏணி, மேலே. இரண்டு அடி தள்ளி நின்றாலும் மண்டையில் விழும். அந்த நிற்கிற நேரத்தில் கை வியர்க்கும் பாருங்கள், மொத்தக் கட்டமும் அந்த ஒரு கணத்துக்காகவே கட்டப்பட்டது.

இதே இடத்தில் ஸ்மாஷ் வீரர்களைக் கொண்டுபோய் விடுங்கள். ரெண்டு ஜம்ப், மேலே தூக்கும் ஸ்பெஷல், சிலருக்கு அஞ்சாறு ஜம்ப், சிலருக்கு இறக்கை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் கால்கூடச் சுளுக்காது. அவர்களுக்கு அந்த இடைவெளி வெறும் ஓட்டை. லிஃப்ட் வெறும் தொல்லை. ஏணியை எவனும் திரும்பியே பார்க்க மாட்டான். படத்தை அச்சு அசலாக எடுத்துக்கொண்டு, அதற்கு உயிர் கொடுத்த விதியை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். என் வழக்கு இவ்வளவுதான்.


#4 பிக்சல்_பூனை

குச்சி அண்ணே, அழகா சொன்னீங்க, ஆனா பாதிதான் ஒத்துக்குவேன்.

எனக்கு 75எம் பிடிக்கும். ஆமா, பிடிக்கும், கல்லெறிய வேண்டாம். அந்தக் கறுப்புப் பின்னணி. அதுக்கு முன்னாடி இத்தனை பளபளப்பா ஒளி, நிழல், முடி, துணி மடிப்பு எல்லாம் வச்சு செஞ்ச கேரக்டர்கள். கீழே தட்டையா நாலு கலர்ல தளம். அந்த முரண்பாடு எனக்குக் கண்ணுக்கு விருந்து. சாமுஸ் கவசத்தோட ஒரு 1981 ஏணியில ஏறி வர்றதை வேற எங்க பார்க்க முடியும்?

இன்னொரு விஷயம். ஒரிஜினல் ஆர்கேட்ல திரை நெட்டுக்குத்தா நிக்கும், 224க்கு 256 பிக்சல். ஸ்மாஷ் படுக்கை வாட்டத்துல ஆடுற கேம். நெட்டுக்குத்தான படத்தைப் படுக்கைத் திரையில காட்டணும்னா கேமரா பின்னாடி போயே ஆகணும். போனா கேரக்டர் எறும்பு சைஸ். "யாரு எங்க இருக்கான்னே தெரியல"ன்னு நம்ம புலம்புறதுக்குப் பாதி காரணம் இதுதான். இதுக்கு விதி என்ன பண்ணும்?


#5 மூணாவது_லைஃப்

எறும்பு சைஸ் விஷயம் ரொம்பச் சரி. நேற்று நான் பத்து செகண்ட் வேறொருத்தன் கேரக்டரை என்னுடையது என்று நினைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு பேருமே கிர்பி. கலர் மட்டும் வேறே.

@பழைய_குச்சி, சுத்தியல் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை? டாங்கி காங் என்றாலே எனக்குச் சுத்தியலும் அந்த இசையும்தான்.


#6 பழைய_குச்சி

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நாலு கட்டங்களில் சுத்தியலே இல்லாத கட்டம் எது தெரியுமா? 75எம். மற்ற மூன்றிலும் உண்டு, இதில் மட்டும் கிடையாது. அடித்து நொறுக்க வழியே இல்லை, விலகித்தான் போக வேண்டும். ஸ்மாஷில் பொருட்களை ஆன் செய்து 75எம் ஆடினால் அதே சுத்தியல், அதே இசையோடு அங்கே வந்து விழுகிறது! வரலாற்றில் இல்லாத ஒன்று. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்புத்தான்.

இதில் வேடிக்கை, அந்தச் சுத்தியல் மட்டும் பழைய விதியை மறக்கவில்லை. ஒரிஜினலில் கையில் எடுத்தால் தாவ முடியாது, ஏணி ஏற முடியாது, அடித்துக்கொண்டே நடக்கலாம், அவ்வளவுதான். ஸ்மாஷிலும் எடுத்துவிட்டால் இரண்டாவது ஜம்ப் போய்விடும், கீழே போடவும் முடியாது. பலம் வரும்போது கால் கட்டப்படும். சுத்தியலைக் கொண்டுவந்தவருக்கு விதி புரிந்திருக்கிறது. ஸ்டேஜைக் கொண்டுவந்தவருக்குப் படம் மட்டும் பிடித்திருக்கிறது.


#7 ஹிட்பாக்ஸ்

ஸ்டேஜையும் சுத்தியலையும் வேறு வேறு ஆட்கள் செய்தார்கள் என்று எப்படித் தெரியும்? பேச்சுக்குச் சொல்வதாக இருந்தால் சரி.


#8 பழைய_குச்சி

பேச்சுக்குத்தான். யார் எதைச் செய்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். வாபஸ்.


#9 அரைத்தூக்கம்

75எம்மை விடுங்கப்பா, ஸ்மாஷ்ல பாக்-லேண்ட் ஸ்டேஜை ஆடியிருக்கீங்களா யாராச்சும்? திரை தானா நகரும். நான் பாட்டுக்கு ஒருத்தனைப் பிடிச்சு நல்லா சாத்திக்கிட்டு இருக்கேன், திரும்பிப் பார்த்தா திரை ஓரம் என்னைத் தள்ளிட்டு வெளிய போகுது. அடிச்சவன் செத்தான், அடி வாங்கினவன் நிக்கிறான். இதுக்குப் பேர் சண்டையா? எனக்கு அது காலையில பஸ் பிடிக்க ஓடுற மாதிரி இருக்கு.


#10 பழைய_குச்சி

அரைத்தூக்கம் விளையாட்டாகச் சொன்னதுதான் என் வாதத்துக்கு அடுத்த சாட்சி.

ஒரிஜினல் பாக்-லேண்ட் 1984, நாம்கோவின் ஆர்கேட் கேம். அதற்கு அடுத்த வருடம் வந்த சூப்பர் மாரியோ ப்ரோஸ். எல்லோருக்கும் தெரியும். இதைப் பலருக்குத் தெரியாது. பக்கவாட்டில் ஓடித் தாவும் கேம்களின் மூத்த தலைமுறை. அதன் ஆர்கேட் பெட்டியில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது. இடது ஒரு பட்டன், வலது ஒரு பட்டன், தாவ ஒரு பட்டன். வேகமாகத் தட்டினால் ஓடும். விரலின் வேகம்தான் கேமின் வேகம்.

ஸ்மாஷ் பாக்-லேண்டில் என்ன ஆயிற்று? வேகத்தைத் திரை எடுத்துக்கொண்டது. அங்கே நாம் ஓட்டினோம், இங்கே நம்மை ஓட்டுகிறார்கள். வீடுகள் அதே, தீயணைப்புக் குழாய் அதே, வானத்தின் நிறம்கூட அதே. விதி மட்டும் தலைகீழ். ஆனால் ஸ்மாஷில் ஆடும் கேரக்டரான பாக்-மேனின் கீழ்-ஸ்பெஷலில் (கீழே அழுத்திப் போடும் சிறப்பு அடியில்) வருகிற அந்தத் தீயணைப்புக் குழாய் இருக்கிறதே, அதுவும் பாக்-லேண்டிலிருந்து வந்ததுதான். அதை மட்டும் எவ்வளவு சாமர்த்தியமாக ஆயுதமாக்கியிருக்கிறார்கள். கேரக்டரில் ஜெயித்த அதே கை ஸ்டேஜில் தோற்றிருக்கிறது.


#11 டாட்_தின்னி

இவ்ளோ நேரம் படிச்சுட்டே இருந்தேன், பாக்-மேன் பேர் வந்ததும் கை சும்மா இருக்கல. எல்லாரும் மறந்துட்ட ஒண்ணு சொல்றேன்: 3டிஎஸ் (நின்டெண்டோவோட ரெட்டைத் திரை கைக்கருவி) ஸ்மாஷ்ல இருந்த பாக்-மேஸ் ஸ்டேஜ்.

படமா பார்த்தா அது பாக்-மேனே இல்ல. 1980 பாக்-மேன் மேலேர்ந்து பார்க்குற சதுரப் புதிர்வழி, 240 சின்னப் புள்ளி, நாலு பெரிய பவர் பெல்லட், நாலு பேய். 3டிஎஸ் ஸ்டேஜ் பக்கவாட்டுல நிக்கிற நியான் கலர் தளங்கள், பரந்து கிடக்கும். அச்சு அசல் ஒண்ணுமே கிடையாது. ஆனா வழியெல்லாம் புள்ளி இருக்கும். ஓடுற ஓட்டத்துல புள்ளியைப் பொறுக்கிட்டே போகணும். போதுமான அளவு சேர்ந்தா பவர் பெல்லட் வரும், அதைத் தின்னா துரத்தினவன் ஓட ஆரம்பிப்பான். கீழ்த்திரையில வரைபடம். அவங்கவங்க புள்ளி அவங்கவங்க மெஷின்ல.

குச்சி அண்ணா சொல்ற மாதிரி படத்தை விட்டுட்டு விதியை எடுத்தது இதுதான். "தின்னு, தின்னா பலம், பலம் வந்தா வேட்டைக்காரன் இரை ஆவான்." பாக்-மேன்னா இதானே? அல்டிமேட்ல திரும்பி வரல. ஒரே டிவியில நாலு பேர் ஆடும்போது தனித்தனிப் புள்ளியை எப்படிக் காட்டுறதுன்னு விட்டிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். எனக்கு இன்னும் மனசு ஆறல.


#12 பிக்சல்_பூனை

சரி சரி, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கவுத்துடுவீங்க போல. அப்ப மாரியோ ப்ரோஸ். ஸ்டேஜ்? அது படமும் அச்சு அசல்தானே? அங்க ஏன் எல்லாரும் சிரிக்கிறோம்?


#13 பழைய_குச்சி

படமும் விதியும் ரெண்டும் வந்த ஒரே ஸ்டேஜ் அது, அதனால்தான்.

1983 மாரியோ ப்ரோஸ். ஆர்கேடில் எதிரியின் தலையில் குதிக்க முடியாது. அவன் நிற்கும் தளத்தைக் கீழேயிருந்து முட்டி அவனைக் கவிழ்க்க வேண்டும், பிறகு மேலே ஏறி வந்து உதைத்துத் தள்ள வேண்டும். ஆமைக்கு ஒரு முட்டு போதும். நண்டுக்கு ரெண்டு, முதல் முட்டில் கோபம்தான் வரும். ஈ தத்தித் தத்திப் போகும், கால் தரையில் பட்ட கணத்தில் முட்டினால்தான் உண்டு. நடுவே ஒரு பவ் பெட்டி, முட்டினால் தரையில் நிற்கும் எல்லா எதிரியும் ஒரே நேரத்தில் அதிரும், மூன்று முட்டுக்குத்தான் தாங்கும்.

ஸ்மாஷிலும் அதேதான். ஆமையைக் கவிழ்க்கிறோம், தூக்குகிறோம், ஆனால் இப்போது உதைப்பதற்குப் பதில் பக்கத்தில் நிற்கும் சிநேகிதன் முகத்தில் எறிகிறோம். பழைய விதியின் கடைசி வரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வழக்கமான அடி உதையால் அந்த மூடிய இடத்தில் ஆளை வெளியே அனுப்புவது கஷ்டம், நண்டுதான் வழி. ஆக நண்டுக்காகச் சண்டை. நாலு பேரும் ஒரே நண்டின் மேல் விழுவோம். சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

ஒரு குறிப்பு: ஆர்கேட் காலத்திலேயே ரெண்டு பேர் சேர்ந்து ஆடிய கேம் அது. கூட்டாளியின் காலுக்கடியில் முட்டி அவனைச் சாகடிக்கும் கலை அப்போதே உண்டு. சண்டை அந்த விதிக்குள் முதலிலிருந்தே ஒளிந்திருந்தது. டாங்கி காங் அப்படி இல்லை. முறை வைத்துத் தனித்தனியாக ஆடும் கேம். அதில் ரெண்டாவது ஆளுக்கு இடமே இல்லை.


#14 மூணாவது_லைஃப்

இது எனக்குத் தோன்றவே இல்லை. 75எம் தனி ஆளுக்காகக் கட்டிய இடம், அதில் நாலு பேரை அடைத்தால் எப்படி... சரிதான்.


#15 ஹிட்பாக்ஸ்

ஒரு தகவல். அல்டிமேட்டில் ஸ்டேஜ் ஆபத்துகளை அணைக்கும் வசதி இருக்கிறதே, 75எம்மில் அணைத்து ஆடிப் பார்த்தேன். ஸ்பிரிங் இல்லை, நெருப்பு இல்லை, கொரில்லா இல்லை. இன்னும் மோசம்! காலி கட்டடத்தில் ஒளிந்து பிடித்து விளையாடுகிற மாதிரி. நான் #2-இல் "ஸ்டேஜ் ஐந்தாவது ஆட்டக்காரன்" என்று திட்டினேன். அவனும் இல்லையென்றால் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.


#16 அரைத்தூக்கம்

ஒரிஜினல் டாங்கி காங்கை முடிக்கவே முடியாதாமே? 22ஆவது லெவல்ல மாரியோ தானா செத்துடுவானாம். நிஜமா?


#17 டாட்_தின்னி

நிஜம். போனஸ் நேரத்தைக் கணக்குப் போடுற இடத்துல சிக்கல். லெவல் எண்ணோட நாலைக் கூட்டிப் பத்தால பெருக்கும். 22க்கு அது 260. அந்த எண்ணை வைக்கிற இடத்துல 255 வரைக்கும்தான் கொள்ளும். 256 கழிஞ்சு 4 மிஞ்சும். ரொம்பக் கொஞ்ச நேரம் குடுத்துட்டு, தீர்ந்ததும் ஆள் காலி. பாக்-மேன்லயும் 256ஆவது லெவல்ல இதே மாதிரி எண் வழிஞ்சு பாதித் திரை எழுத்துக் குப்பையா ஆகும். ரெண்டு பேரும் ஒரே வியாதியில போனவங்க.


#18 பிக்சல்_பூனை

இழை திசை மாறுது, ஆனா இந்த மாதிரி மாறுறது எனக்குப் பிடிச்சிருக்கு.

விஷயத்துக்கு வர்றேன். குச்சி அண்ணே, விதிதான் இல்லன்னா நம்மளே விதி போட்டுக்கலாமே? கேம் தடுக்கலையே. ரெண்டாவது ஜம்ப் கூடாது. மேலே தூக்குற ஸ்பெஷல் கூடாது. ஏணியும் ஒத்த ஜம்ப்பும் மட்டும். அடிக்கலாம், ஆனா ஜெயிக்கிறது அடிச்சு இல்ல, கீழேர்ந்து கிளம்பி, கொரில்லா தூக்கிட்டுப் போன பொண்ணு பாலீன் நிக்கிற உச்சித் தளத்தை யார் முதல்ல தொடுறாங்களோ அவங்களுக்குப் புள்ளி. ஆபத்து எல்லாம் ஆன். பொருள்ல சுத்தியல் மட்டும்.


#19 பழைய_குச்சி

சுத்தியல் வேண்டாம் என்று என் மனசாட்சி சொல்கிறது. ஆனால் எனக்கே ஆசையாக இருக்கிறது. வையுங்கள்.


#20 மூணாவது_லைஃப்

ஆடிவிட்டோம்! அதே நாலு பேர், கூடவே பார்த்துக்கொண்டிருந்த என் தங்கச்சியையும் இழுத்து வந்து ஆட்டத்தில் சேர்த்து, எங்களில் ஒருத்தனை வெளியே உட்கார வைத்துவிட்டோம்.

முதல் ரவுண்டில் முக்கால்வாசி நேரம் பழக்க தோஷம். கை தானாக ரெண்டாவது ஜம்ப் போடுகிறது, மூணு பேரும் "ஏய் ஏய்" என்று கத்துகிறோம். இரண்டாவது ரவுண்டிலிருந்து வேறு கேம். அந்த நடு ஓட்டை முதல் முறையாக எனக்குப் பயமாக இருந்தது. லிஃப்ட் வரும் வரை ஓரத்தில் நிற்கிறேன், பின்னாலிருந்து ஒருத்தன் மெதுவாக வருகிறான், தள்ளுவானா மாட்டானா தெரியவில்லை. லிஃப்டுக்காகக் காத்து நிற்பது இவ்வளவு பதற்றமாக இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தங்கச்சி இந்த கேமை இதற்கு முன் நாலைந்து தடவைதான் தொட்டிருப்பாள். நாங்கள் மூணு பேரும் வலது பக்கம் ஏணியடியில் அடித்துக்கொண்டிருக்க, அவள் சத்தமில்லாமல் ஒதுங்கி நின்று ஸ்பிரிங் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். நிஜமாகவே வாய்விட்டு, "ஒண்ணு, ரெண்டு, இப்போ". ஏறினாள், தொட்டாள். மூன்று ரவுண்டில் ரெண்டு அவளுக்கு. குச்சி அண்ணன் #3-இல் எழுதியதை அவள் படித்ததே இல்லை.

சுத்தியல் ஒரே ஒரு முறை வந்தது. எங்கள் தண்ணீர் குடிக்கப் போகிற நண்பன்தான் எடுத்தான். இசை கேட்டதும் எல்லோரும் சிதறி ஓட, அவன் வெறியோடு துரத்தி வந்து லிஃப்ட் இல்லாத நேரத்தில் நேராக ஓட்டைக்குள் நடந்து போனான். அடித்துக்கொண்டே விழுந்தான்.


#21 பழைய_குச்சி

தங்கச்சிக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டு நிற்பதைச் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு அதற்கு எத்தனையோ நாள் ஆயிற்று.


#22 ஹிட்பாக்ஸ்

நானும் ஒரு கை சேரலாமா? ஒரே சந்தேகம். பழக்கத்தில் ரெண்டாவது ஜம்ப் போட்டுவிட்டால் என்ன தண்டனை?


#23 மூணாவது_லைஃப்

தண்டனை எதற்கு. அந்த இடத்தில் ஜம்ப்மேன் விழுந்திருப்பான் இல்லையா, நீங்களும் கீழே இறங்கி முதல் ஏணியிலிருந்து வாருங்கள்.